இரவில் ஆசிடும் ரெட்டினாலும்: சிங்கப்பூர்க் கடைகளில் எதை வாங்கலாம், எதை அலமாரியிலேயே விட்டுவரலாம்?

ஓர் இரவு தோலின் மேல் அடுக்கை உரிக்கும் ஆசிட், மறு இரவு வைட்டமின் ஏ வகையான ரெட்டினால், அடுத்த இரண்டு இரவும் ஓய்வு. நியூயார்க் தோல் மருத்துவர் விட்னி போ 'ஸ்கின் சைக்ளிங்' என்று பெயர் சூட்டி, 2022இல் டிக்டாக் வழியாக உலகமெங்கும் பரவிய முறை இது. இதை நம்பி வாட்சன்ஸ், கார்டியன், செஃபோரா அலமாரிகளுக்கு முன்னால் நின்று எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்காகவே இந்த மதிப்பீடு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முறை நல்லதுதான். ஆனால் மாநிறத்திலிருந்து கறுப்புவரை உள்ள நம் தோலுக்கு, இந்த ஊர் வெயிலில், அதை அப்படியே பின்பற்றக் கூடாது. வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், ஓய்வு இரவுகளைக் கூட்ட வேண்டும். காசில் பெரும்பகுதியை ஆசிடுக்கும் ரெட்டினாலுக்கும் கொட்டாமல் சன்ஸ்கிரீனுக்கு ஒதுக்க வேண்டும்.

காரணம் ஒன்றுதான். வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவக்கும், சில நாளில் அடங்கிவிடும். நம் தோலில் அந்தச் சிவப்பு சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. எரிச்சல் அடங்கியபின் அதே இடத்தில் பழுப்புக் கறை எழும்பும். அழற்சி பட்ட இடத்தில் நிறமிச் செல்கள் கூடுதலாக மெலனின் சுரப்பதால் வரும் கறை இது. போக மாதக்கணக்காகும், வெயில் பட்டால் இன்னும் இழுக்கும். பருத் தழும்பைப் போக்க ஆசிட் வாங்கி, அந்த ஆசிட் தந்த எரிச்சலிலேயே புதுக் கறையோடு முடிகிற கதை நம்மவர்களிடம் ஏராளம். ஆகவே நமக்குப் பொருளின் வேகம் முக்கியமில்லை. எரிச்சல் வராமல் எவ்வளவு காலம் தொடர முடிகிறது என்பதே கணக்கு.

மூல முறையில் ஆசிடும் ரெட்டினாலும் அடுத்தடுத்த இரவுகளில் வருகின்றன. மேல் அடுக்கை ஆசிட் தளர்த்திவிட்டால் மறுநாள் ரெட்டினால் நன்றாக இறங்கும் என்பது அதன் வாதம். நன்றாக இறங்கும் என்பது உண்மை, எரிச்சலும் சேர்ந்தே இறங்கும் என்பதும் உண்மை. அதனால் நாங்கள் பரிந்துரைப்பது ஐந்து இரவுச் சுற்று: ஆசிட், ஓய்வு, ரெட்டினால், ஓய்வு, ஓய்வு. ரெட்டினாலின் உரிதல் பெரும்பாலும் பூசிய மறுநாள் காலையில் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெரியும். அதனால்தான் அதற்குப் பின்னால் இரண்டு ஓய்வு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். முதல் இரண்டு மாதம் கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஞாயிறு இரவு ஆசிட், புதன் இரவு ரெட்டினால், மற்ற ஐந்து இரவும் ஓய்வு. கிழமை கணக்கு மறக்காது. வாரம் ஒருமுறை ரெட்டினாலால் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. தோலைப் பழக்குவதற்காக மட்டுமே அது. இரண்டு மாதம் எரிச்சலில்லாமல் போனால் ஐந்து இரவுச் சுற்றுக்கு வாருங்கள். அதன் பிறகு குறைந்தது 12 வாரம் பார்த்துவிட்டுத்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டும்.

ஆசிட் இரவு

புட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஆசிட் வாங்கக் கூடாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் சேர்ந்துதான் அதன் வீரியத்தைத் தீர்மானிக்கிறது, எண் குறையக் குறைய வீரியம் கூடும். பிஎச் 3.8 அளவில் லாக்டிக் ஆசிட்டில் ஏறக்குறையப் பாதிதான் தோலில் வேலை செய்யும் நிலையில் இருக்கும். பிஎச் 5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. '10%' என்று எழுதிய மென்மையான ஒரு லோஷன், '5%' என்று எழுதிய சீரத்தைவிட சாதுவாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது மூலக்கூறின் அளவு. கிளைகாலிக் ஆசிட்டின் மூலக்கூறு எடை 76, லாக்டிக் 90, மாண்டெலிக் 152. சிறியது வேகமாக உள்ளே போகும், அதிகமாகக் குத்தும். முகத்துக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது ஆர்டினரி நிறுவனத்தின் லாக்டிக் ஆசிட் 5% சீரம். அதே வரிசையில் 10% புட்டியும் பக்கத்திலேயே இருக்கும். விலை வித்தியாசம் சொற்பம் என்று பெரியதை எடுத்துவிடாதீர்கள். 5% புட்டியை மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு 10% வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். 5 விழுக்காட்டிலேயே தோல் மிருதுவாகி நிறம் சீராகிவிட்டால் மேலே ஏறக் காரணமே இல்லை.

பூசும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். முகம் கழுவியதும் ஈரத்தோடு ஆசிட் போட்டால் அது சட்டென்று ஊடுருவிக் குத்தும். துண்டால் ஒற்றி எடுத்து, 10 நிமிடம் விட்டு, நன்றாகக் காய்ந்தபின் மூன்று நான்கு சொட்டு போதும். மூக்கு மடல் முகத்தோடு சேரும் மடிப்பு, உதட்டோரங்கள், கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம்: இந்த மூன்று இடத்திலும் முதலில் துளி வாசலின் தடவிவிடுங்கள். ஆசிட்டும் ரெட்டினாலும் வழிந்து தேங்குவது அங்கேதான், முதலில் உரிவதும் அங்கேதான்.

எண்ணெய் வழியும் முகம், மூக்கில் கரும்புள்ளி, முகவாயில் அடைப்பு என்றால் லாக்டிக்கைவிட சாலிசிலிக் ஆசிட் பொருத்தம். அது எண்ணெயில் கரையும், ஆகவே மயிர்த்துளைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும். பாலாஸ் சாய்ஸ் நிறுவனத்தின் 2% பிஎச்ஏ (சாலிசிலிக் வகை ஆசிட்) திரவம் இந்த வகையில் நல்ல பொருள். 118 மில்லிலிட்டர் புட்டியும் 30 மில்லிலிட்டர் சிறு புட்டியும் வருகின்றன. நீர்போல இல்லாமல் லேசான எண்ணெய்ப் பதத்தில் இருக்கும், பூசிய சில நிமிடம் பிசுபிசுக்கும். குளிரூட்டி இல்லாத அறையில் படுப்பவர்களுக்கு அது கொஞ்சம் தொந்தரவுதான். பஞ்சில் ஊற்றித் தேய்க்காதீர்கள், பஞ்சே பாதியைக் குடித்துவிடும், உரசலும் கூடும். உள்ளங்கையில் விட்டு விரலால் ஒற்றுங்கள். முகம் முழுக்கப் பூச வேண்டிய அவசியமில்லை. நெற்றி, மூக்கு, முகவாய் போதும், கன்னத்தை விட்டுவிடலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் சாலிசிலிக் பக்கமே போக வேண்டாம்.

கோஸ்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் பிஎச்ஏ பிளாக்ஹெட் பவர் லிக்விட் புட்டியில் இருப்பது பீட்டெயின் சாலிசிலேட் 4%. அது வேறு பொருள், சாலிசிலிக்கைவிட மென்மையானது. 4 என்ற எண்ணைப் பார்த்து 2 விழுக்காட்டைவிட இருமடங்கு வீரியம் என்று நினைத்துவிட வேண்டாம். பாலாஸ் சாய்ஸ் எரிகிறது என்கிறவர்களுக்கு இதுதான் அடுத்த படி.

அலமாரியிலேயே விட்டுவரச் சொல்வது இரண்டை. ஒன்று, ஆர்டினரியின் ஏஎச்ஏ 30% + பிஎச்ஏ 2% பீலிங் சொல்யூஷன். ஏஎச்ஏ என்பது கிளைகாலிக், லாக்டிக் வகை ஆசிட். ரத்தச் சிவப்பில் இருக்கும், படம் எடுத்துப் போட அழகாக இருக்கும். அதிகபட்சம் 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், வாரம் இருமுறைக்கு மேல் கூடாது என்று நிறுவனமே சொல்கிறது. அனுபவமுள்ளவர்களுக்கான பொருள் அது. மாநிறத் தோலில், வீட்டில், கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. இன்னொன்று, அதே நிறுவனத்தின் கிளைகாலிக் 7% டோனரின் 240 மில்லிலிட்டர் புட்டி. பொருளில் குறையில்லை, அளவுதான் நமக்கு ஒத்துவராது. ஏன் என்பதைக் கணக்குப் பகுதியில் பாருங்கள்.

அந்த டோனரைப் பிடரிக் கறுப்புக்கும் அக்குள் கறுப்புக்கும் பலர் வாங்குகிறார்கள். உரசலால் வந்த கறுப்பு என்றால் ஓரளவு மங்கும். ஆனால் பிடரித் தோல் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்குமில்லை, வெயிலுமில்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு ஆசிட் தேய்த்தாலும் அது போகாது. பலதுறை மருந்தகத்தில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

ரெட்டினால் இரவு

கடையில் கிடைக்கும் ரெட்டினால் தோலுக்குள் போய் முதலில் ரெட்டினால்டிஹைடாக மாறி, பிறகு ரெட்டினாயிக் ஆசிட்டாக மாறிய பிறகுதான் வேலை செய்யும். இரண்டு படி தாண்டுவதால் வீரியம் குறைகிறது, எரிச்சலும் குறைகிறது. மருத்துவர் எழுதித் தரும் டிரெட்டினாயின் நேரடியாகவே ரெட்டினாயிக் ஆசிட். அமெரிக்காவில் 1971 முதல் பருவுக்கு அனுமதி பெற்ற மருந்து அது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விழுக்காட்டை ஒப்பிடக் கூடாது.

தொடக்கத்துக்கு எங்கள் தேர்வு செராவே ரீசர்ஃபேசிங் ரெட்டினால் சீரம். உறையிட்ட ரெட்டினால் மெதுவாக வெளிவருகிறது, கூடவே தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடும் கறையைக் குறைக்கும் நியாசினமைடும் அதிமதுரச் சாறும் இருக்கின்றன. எத்தனை விழுக்காடு ரெட்டினால் என்று பெட்டியில் போடாதது ஒரு குறைதான். எண்ணைத் தெரிந்துகொண்டு படிப்படியாக ஏற நினைப்பவர்களுக்கு அது உதவாது. ஆனால் முதல்முறை பூசுகிறவர்களுக்கு, பருத் தழும்பு உள்ளவர்களுக்கு, இதைவிட சாதுவானது அந்த விலையில் அபூர்வம். பம்ப் மூடி இருப்பதும் நல்லது, உள்ளே காற்று அதிகம் போகாது.

எண்ணைத் தெரிந்துகொண்டு போக விரும்பினால் ஆர்டினரியின் ஸ்குவாலேன் கலந்த ரெட்டினால் 0.2%, 0.5%, 1% என மூன்று அளவில் வருகிறது. 0.2% எடுங்கள். 0.5% போக ஆறு மாதம் ஆகட்டும். 1% நமக்குத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சுகளில் ரெட்டினாலுக்கு 0.3% என்ற வரம்பை 2024இல் சட்டமாக்கியது. புதுப் பொருள்களுக்கு 2025 நவம்பர் முதலும், ஏற்கெனவே கடையில் இருந்தவற்றுக்கு 2027 மே மாதம் முதலும் அது நடப்பு. உடலில் சேரும் மொத்த வைட்டமின் ஏ அளவைக் கருதிய வரம்பு அது. ஆனாலும் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலோர் அந்த எல்லைக்குள் நிற்பது தோலுக்கும் நல்லது. ஸ்குவாலேன் எண்ணெய்ப் பொருள் என்பதால் காற்றாடி மட்டும் ஓடும் அறையில் முகம் வழவழவென்று இருக்கும். தலையணை உறையிலும் ஒட்டும். குளிரூட்டியில் படுப்பவர்களுக்கு இதுவே சுகமாக இருக்கும்.

அளவு ஒரு பட்டாணி. முகம் முழுவதுக்கும் அவ்வளவுதான். கழுவி, ஒற்றி, 15 நிமிடம் விட்டுக் காய்ந்ததும், முதலில் மெல்லிய மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு. அது உள்ளிழுத்ததும் பட்டாணியளவு ரெட்டினாலை நெற்றி, இரு கன்னம், மூக்கு, முகவாய் என்று ஐந்து புள்ளியாக வைத்து வெளிப்பக்கமாகப் பரப்புங்கள். மேலே மறுபடி மாய்ஸ்சரைசர். இப்படி நடுவில் வைத்துப் பூசுவதால் ரெட்டினால் வீணாவதில்லை. இறங்குவது மெதுவாகும், அதுதான் நமக்கு வேண்டியது. கழுத்தில் பூச வேண்டாம். அங்கே தோல் மெல்லியது, சங்கிலி உரசும், வியர்வை தேங்கும். கறை விழுந்தால் முகத்தைவிட அங்கே போக நாளாகும்.

மருத்துவர் பருவுக்கு ரெட்டினால் குடும்பத்து மருந்தான அடாபலீன் எழுதிக் கொடுத்து தினம் இரவு பூசச் சொல்லியிருந்தால், இந்தச் சுற்றுமுறையைப் படித்துவிட்டு அதை ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சைக்கு அது போதாது. அத்தகையவர்களுக்கு ஆசிட்தான் தேவையற்ற கூடுதல்.

சிங்கப்பூரின் வெப்பம் ரெட்டினாலுக்கு எதிரி. வெளிச்சம், காற்று, சூடு மூன்றும் அதைச் சிதைக்கும். வெந்நீர் ஓடும் குளியலறை அலமாரியிலும் சன்னலோரத்திலும் வைக்காமல் படுக்கையறை அலமாரிக்குள் வையுங்கள். அதன் மஞ்சள் நிறம் கருத்துப் பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். புட்டியின் பின்புறம் திறந்த ஜாடிப் படமும் அதற்குள் மாத எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் ஆயுள். திறந்த தேதியைப் புட்டியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஓய்வு இரவுகள்

ஓய்வு என்றால் ஓய்வு. வைட்டமின் சி, பெப்டைடு, 10% நியாசினமைடு என்று அந்த இரவுகளையும் நிரப்புகிற பழக்கத்தைப் பார்க்கிறோம். நியாசினமைடு நல்லதுதான், 4 அல்லது 5% போதும். 10% சிலருக்குக் கன்னத்தில் அரிக்கும். ஓய்வு இரவில் மென்மையான கிளென்சர், அதன்மேல் செராமைடோ எரிச்சலைத் தணிக்கும் பாந்தெனோலோ உள்ள மாய்ஸ்சரைசர் ஒன்று, அவ்வளவுதான்.

இரவு முழுக்கக் குளிரூட்டி ஓடும் அறை என்றால் செராவே மாய்ஸ்சரைசிங் க்ரீம் டப்பா. வெளியே எவ்வளவு புழுக்கம் இருந்தாலும் குளிரூட்டி அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. விடியும்போது கன்னம் இழுத்துப் பிடிப்பது அதனால்தான். வாசமில்லை, செராமைடு மூன்று வகை இருக்கிறது, குடும்பமே கை கால் வரைக்கும் பூசிக்கொள்ளலாம். காற்றாடி அறைக்கு அது கனம். அங்கே செராவே பிஎம் லோஷன் சரியாக இருக்கும், நியாசினமைடும் அதிலேயே உண்டு.

லா ரோஷ் போஸே நிறுவனத்தின் சிக்காப்ளாஸ்ட் பாம் பி5 டியூப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 5% பாந்தெனோல், வல்லாரையிலிருந்து எடுக்கும் மெடகாஸோசைடு, ஷியா வெண்ணெய் சேர்ந்த கெட்டிப் பசை அது. நம் நிறத்தில் பூசினால் வெளுப்பு தெரியும், பகலில் போட முடியாது. முகம் முழுக்கப் பூசாமல் எரியும் இடத்தில் மட்டும் வைத்தால் 40 மில்லிலிட்டர் டியூப் நெடுநாள் வரும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை காலுக்குப் பூசுங்கள், முகத்துக்கு வேண்டாம். இந்த ஊர் ஈரப்பதத்தில் நெற்றியிலும் முடியோரத்திலும் ஒரே அளவில் பொரிப் பொரியாக, அரிப்போடு வருவது பல நேரம் பரு இல்லை. மயிர்த்துளையில் பெருகும் ஈஸ்ட் கிருமியின் வேலை அது. எண்ணெய் அதற்குத் தீனி. ரெட்டினாலால் அது போகாது, மருத்துவரிடம் பூஞ்சைக்கான மருந்துதான் வாங்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் இரவில் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், மறுநாள் தலையணை உறையை மாற்றுங்கள்.

புட்டி அளவும் செலவும்

ஐந்து இரவுச் சுற்று ஆண்டுக்கு 73 முறை வரும். பட்டாணியளவு ரெட்டினால் சுமார் 0.3 மில்லிலிட்டர். 73 முறைக்கு 22 மில்லிலிட்டர். அதாவது 30 மில்லிலிட்டர் புட்டி ஓராண்டு தாண்டியும் தீராது, தீர்வதற்குள் கெட்டுவிடும். இருவர் பகிர்ந்தால்தான் கட்டும். கணவன் மனைவி, அக்கா தங்கை என்று ஒரே புட்டியைப் பங்கிடுங்கள், சொட்டுக்குழாய் மட்டும் முகத்தில் படக் கூடாது. கிளைகாலிக் டோனர் ஒருமுறைக்கு 2 மில்லிலிட்டர் என்றால் 240 மில்லிலிட்டர் புட்டி 120 முறை வரும். 120 சுற்று என்றால் 600 இரவு, ஒன்றரை ஆண்டுக்கும் மேல். பெரிய புட்டி மில்லிலிட்டர் கணக்கில் மலிவு என்று விற்பனையாளர் சொல்வது சரி, ஆனால் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனால் அது மலிவில்லை. 30 மில்லிலிட்டர் பிஎச்ஏ புட்டி ஒருமுறைக்கு 1 மில்லிலிட்டர் வீதம் 150 இரவு வரும். ஐந்து மாதம், சரியான அளவு.

இப்போது சன்ஸ்கிரீனைப் பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குக் கோடு இழுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு வரும், ஏறக்குறைய 1.2 மில்லிலிட்டர். 50 மில்லிலிட்டர் டியூப் 41 நாளில் காலி, ஆண்டுக்கு ஒன்பது டியூப். மத்தியானம் மறுபடி பூசுகிறவர்களுக்கு அதற்கும் மேல். இந்தச் சுற்றுமுறையின் உண்மையான செலவு இதுதான். அதைச் செய்ய முடியாதென்றால் ஆசிடையும் ரெட்டினாலையும் வாங்காமலே இருப்பது நல்லது. ஏஎச்ஏ நிறுத்திய பிறகும் ஒரு வாரம்வரை தோல் வெயிலுக்கு அதிகமாகக் கருகும். சிங்கப்பூரில் வானம் தெளிந்த நாளில் நண்பகலையொட்டிப் புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கொருமுறை அதை வெளியிடுகிறது. அலுவலகச் சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாலும் யுவிஏ கதிர் கண்ணாடி வழியே வரும்.

எஸ்பிஎஃப் 50+, பிஏ++++ என்று எழுதிய நீர்ப்பதச் சன்ஸ்கிரீன் எதுவும் சரி. பயோரே அக்வா ரிச் பரவலாகக் கிடைக்கிறது, நம் நிறத்தில் வெளுப்பு தெரியாது. பழுப்புக் கறையும், மங்கு எனப்படும் மெலாஸ்மாவும் உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீன் தேடுங்கள். நம் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறையைக் கருக்கும், அதைத் தடுப்பது அந்த நிறமிதான். நம் நிறத்துக்கு ஒத்த சாயலைக் கடைகள் குறைவாகவே வைத்திருக்கின்றன, இது வருத்தத்துக்குரியது. வாங்கும் முன் தாடையில் பூசி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சுற்றை நிறுத்த வேண்டிய நாள்கள்

தேக்காவில் புருவம் திரெடிங் செய்யப் போகிறீர்கள் என்றால் மூன்று நாள் முன்பே ஆசிடும் ரெட்டினாலும் நிற்க வேண்டும். மேலுதட்டுக்கு வாக்சிங் என்றால் ஒரு வாரம். ரெட்டினால் பூசிய தோலில் வாக்ஸை இழுத்தால் முடியோடு மேல்தோலும் சேர்ந்து வரும், அந்த இடம் உதட்டுக்கு மேல் கறுப்புப் பட்டையாகத் தங்கிவிடும். செய்பவரிடம் ரெட்டினால் பூசுவதாக வாய்விட்டுச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முதல் வாரத்தில் ஃபேஷியலும் பிளீச்சும் போடுகிறவர்களுக்கும் இதே கணக்கு. திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிதாகத் தொடங்கவே கூடாது.

வெள்ளிக்கிழமை கஸ்தூரி மஞ்சள் பூசும் வழக்கம் உள்ளவர்கள் தொடரலாம். பூசிக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். நலங்குமாவையும் பயத்தமாவையும் அழுத்தித் தேய்ப்பதும் ஓர் உரிப்புதான், அந்த வாரம் ஆசிட் இரவைத் தள்ளிவிடுங்கள்.

ஆண்களுக்குச் சவரமும் அப்படியே. கத்தி ஒவ்வொரு முறையும் மேல்தோலைச் சுரண்டுகிறது. தேசிய சேவையில் தினம் சவரம் செய்து வெயிலில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஆசிட் இரவே வேண்டாம். தாடிப் பகுதியைத் தவிர்த்து ரெட்டினால் மட்டும் வாரம் ஒருமுறை, அதுவும் முகாமிலிருந்து வீடு திரும்பும் இரவில். தைப்பூசத்தில் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில்வரை பகலில் காவடியோடும் பால்குடத்தோடும் நடக்கிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். வியர்வையில் சன்ஸ்கிரீன் நிற்காது.

எப்போது எல்லாவற்றையும் நிறுத்துவது? எப்போதும் பூசும் மாய்ஸ்சரைசரே எரிந்தால். அதற்கு மேல் தெளிவான அடையாளம் கிடையாது. தோலின் தடுப்பு அரண் உடைந்துவிட்டது என்று பொருள். முழுதாக இரண்டு வாரம் கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். திரும்பும்போது ரெட்டினால் மட்டும் வாரம் ஒருமுறை, ஆசிட் ஒரு மாதம் கழித்து. ரெட்டினால் தொடங்கியதும் வழக்கமாகப் பரு வரும் இடங்களிலேயே சின்னச் சின்னதாக வந்து ஆறு வாரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. இதுவரை பருவே வராத கன்னத்தில் வந்தால், அரித்தால், நெடுநாள் நீடித்தால் அது எரிச்சல்தான்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்கிறவர்களும் பாலூட்டுகிறவர்களும் ரெட்டினால், அடாபலீன், டிரெட்டினாயின் எதையும் தொடக் கூடாது. அசெலைக் ஆசிட் அவர்களுக்கான வழி, மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

ஊரிலிருந்து வந்த சிவப்பழகு க்ரீமோ, பெயரில்லாத டப்பாவில் இணையத்தில் வாங்கியதோ ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு இந்தச் சுற்றைத் தொடங்கவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பாதரசம் இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. டிரெட்டினாயின் ஏற்கெனவே உள்ள க்ரீமின்மேல் ரெட்டினாலும் ஆசிடும் சேர்ந்தால் முகம் வெந்துவிடும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினாலும் சிவந்து கொப்பளிக்கும். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கி மண்டலே சாலையில் உள்ள தேசிய சரும நிலையத்துக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேரடியாகப் போனால் முழுக் கட்டணம்.